ரங்கம்மா சொல்லாத பதினோரு நாள்

ரங்கம்மாவுக்கு வண்டிச் சத்தம் ஆகாது. ஓசூரில் கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் வண்டிச் சத்தத்துக்கு என்ன குறைச்சல்? ஷிப்டு விட்டால் நூறு வண்டி போகும். போகிற வண்டியால் அவளுக்கு ஒன்றுமில்லை. நிற்கிற வண்டிதான் பயம். ஏதாவது ஒன்று வாசலுக்கு நேராக வந்து சத்தம் அடங்கினால், மாவு பிசைகிற கை மாவிலேயே நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரன் இறங்கிப் போய்ப் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வரும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது வருஷமாக இப்படி.

அவள் பிறந்தது பேரிகைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில். தகப்பனுக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவள் இவள், எட்டு வருஷம் கழித்துக் கங்கப்பன். அவனைப் பெற்ற கையோடு தாய் போய்விட்டாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே களை பறித்தவள் ரங்கம்மா. தாயோடு பிறந்த மாமன் குந்தாரப்பள்ளியில் இருந்தார். அவருடைய மூத்த மகன் சென்னப்பனுக்கே, உரிமைப் பெண் என்று, இவளைக் கட்டினார்கள். ஆக, சென்னப்பன் கங்கப்பனுக்கு அக்காள் புருஷன் ஆவதற்கு முன்னாலேயே மாமன் மகன். இரண்டு வழியிலும் சொந்தம். பிற்பாடு கங்கப்பனுக்கு அஞ்செட்டியில் ஜோதிமணி என்கிற பெண்ணை எடுத்தபோது, கூடவே நின்று பந்தல் கால் ஊன்றியவனும் சென்னப்பன்தான்.

அந்தக் கங்கப்பன் செய்யாத கொலைக்காகச் சேலம் ஜெயிலில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறான். செய்யவில்லை என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவன் சென்னப்பன். அவன் கோர்ட்டில் ஏறி வேறு விதமாகச் சொன்னான். அது பொய் என்று தெரிந்தவள் ரங்கம்மா. அவள் வாயையே திறக்கவில்லை.

நடந்தது இதுதான்.

சென்னப்பன் அப்போது இரும்பைக் காய்ச்சி அடித்து வண்டிச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். பதினொரு வருஷம் அப்படியே ஓடிப் போயிருந்தது. அந்த வருஷம் கொஞ்சம் பேரைப் பர்மனென்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு வந்தது. எட்டு மாசம் ஒரு நாளும் விடாமல் வந்தவன் பெயர்தான் லிஸ்டில் ஏறும் என்று கான்ட்ராக்டர் தங்கதுரை சொல்லிவிட்டான். ஏழு மாசத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. இன்னும் இருபது நாள் பாக்கி என்கிறபோது, சென்னப்பனுக்கு உடம்பு முழுக்க அம்மை போட்டுவிட்டது.

அம்மை போட்ட வீட்டில் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை செருகினாள். அடுப்பில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை. வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருக்கிறவர்கள் வேறு வீட்டுப் படி மிதிக்கக்கூடாது. ஆத்தா வந்து உட்கார்ந்திருக்கிறாள், அவள் இறங்குகிற வரைக்கும் அவள் வீடு அது.

வேப்பிலையைப் பார்த்த தங்கதுரை வாசலுக்கு வெளியிலேயே நின்று சொன்னான். அந்த லைன் வீடுகளும் அவனுடையவைதான்.

"ஏன்க்கா கவலப்படற? ஒன் தம்பி சும்மாத்தான இருக்கான். மாமன் அட்டையில அவன் வரட்டும்."

அது ஒன்றும் புதுசு இல்லை. கான்ட்ராக்ட் கேட்டில் அட்டையைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அண்ணன் அட்டையில் தம்பி போவான், மாமன் அட்டையில் மச்சான் போவான். உள்ளே போய்விட்டால் அட்டையில் இருக்கிற பெயர்தான் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கங்கப்பன் பதினோரு நாள் சென்னப்பனாகப் போய் வந்தான். ராத்திரிக்கு வீட்டுக்குள் வராமல் தண்ணீர்த் தொட்டி ஓரம் பாய் போட்டுப் படுத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் அவன் இடது உள்ளங்கையில் காய்ந்த இரும்பு பட்டுவிட்டது. கட்டோடு வந்து வாசலில் நின்றான். அம்மை வீடு, மருந்து வாசனை ஆகாது என்று ரங்கம்மா அவனை உள்ளே விடவில்லை. தள்ளி நின்றே சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்தினாள்.

"வலிக்குதாடா?"

"மாமன் கைக்குத்தான்கா காயம். சென்னப்பன்னு எழுதித்தான் கட்டுப் போட்டாங்க. எனக்கென்ன," என்று சிரித்தான்.

அன்று ராத்திரி, அந்தக் கட்டுப் போட்ட நேரத்தை ஒட்டி, பேரிகைப் பக்கம் ஒரு கல் குவாரியில் மேஸ்திரி வெள்ளைச்சாமியை யாரோ அடித்துப் போட்டு, அவர் இருந்த கொட்டகைக்கும் தீ வைத்துவிட்டார்கள். கங்கப்பன் வயலுக்குப் போகிற தடத்தில் கல்லைக் கொட்டி மறைத்துவிட்டார் என்று, முந்தின வாரம்தான் அந்த வெள்ளைச்சாமியோடு அவன் சந்தையில் நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டிருந்தான். சென்னப்பனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் கங்கப்பன் ஊருக்குப் போனான். பஸ்ஸைவிட்டு இறங்கின இடத்திலேயே போலீஸ் பிடித்தது. கையைப் பார்த்தார்கள். தீக்காயம். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

போலீஸ் ஓசூர் வருவதற்கு முன்னால் தங்கதுரை வந்துவிட்டான்.

"மாமா, அட்ட விசயம் வெளிய வந்துச்சுன்னா நீயும் உள்ள, நானும் உள்ள. லிஸ்ட்ல ஒன் பேரு அடிபட்டுடும். மச்சான் ஒண்ணும் பண்ணலன்னா ரெண்டு நாள்ல விட்டுருவாங்க. நீ டூட்டியில இருந்தேன்னு மட்டும் சொல்லு."

இரண்டு நாள் என்றுதான் அவர்களும் நம்பினார்கள். அந்த இரண்டு நாளுக்காகச் சொன்ன பொய்யை அப்புறம் திருப்பி எடுக்க வழியில்லாமல் போயிற்று. கிருஷ்ணகிரி கோர்ட்டில் கங்கப்பன் உள்ளதைச் சொன்னான். கம்பெனியில் கேட்டார்கள். கங்கப்பன் என்ற பெயரில் வேலைப் பதிவும் இல்லை, காயத்துக்குக் கட்டுப் போட்ட பதிவும் இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அது நிஜம்தானே. சென்னப்பன் பெயரில் இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. ரங்கம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று வக்கீல் சொன்னபோது கங்கப்பனே வேண்டாம் என்றுவிட்டானாம். அக்கா குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்றானாம்.

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரங்கம்மா ஒரு கேள்வியையும் ஒரு பதிலையும் கேட்டாள். அந்த நாட்களில் உமக்கு அம்மை போட்டிருந்ததா என்று கங்கப்பனின் வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க. எங்க வீட்டுக்கு அம்ம வரவே இல்லீங்க," என்றான் சென்னப்பன்.

வந்து உட்கார்ந்திருந்தவளை வரவே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அன்று முதல் ரங்கம்மா மாரியம்மன் கோவில் பக்கம் போவதில்லை. திருவிழாவுக்கு மேளம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். போலீஸுக்குப் பயப்படுகிற பயம் ஒன்று, தங்கதுரைக்குப் பயப்படுகிற பயம் ஒன்று. இது அந்த இரண்டுக்கும் அடியில் கிடந்த பயம். சேலத்துக்கு இந்த ஒன்பது வருஷத்தில் மூன்று தடவைதான் போனாள். மூன்று தடவையும் தம்பி முகத்தைப் பார்க்காமல் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள்.

சென்னப்பன் பர்மனென்ட் ஆனான். மகளைப் பாகலூரில் கட்டிக் கொடுத்தார்கள். மருமகனுக்கும் தங்கதுரை வழியாக அதே கம்பெனியில் இடம் கிடைத்தது. வெளியே பார்த்தால் குறையில்லாத குடும்பம்.

ரங்கம்மா ரோஜாக் குடிலுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே விளைகிற ரோஜா. முள்ளை உருவி, இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றி வைக்க வேண்டும். ஒரு பங்குனி மாசம், முன்பகல், ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து ஷெட் வாசலில் நின்றாள். வண்டி அடங்கிய சத்தத்திலேயே ரங்கம்மாவின் விரலில் முள் ஏறிவிட்டது.

"ரங்கம்மாங்கறது நீங்களாம்மா? என் பேரு எஸ்லின். கிருஷ்ணகிரி. வாரப் பத்திரிகையில எழுதறேன்."

"பத்திரிகையா? எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு."

"படிக்கக் குடுக்க வரலம்மா. உங்க தம்பிய சேலத்துல பார்த்தேன்."

ரங்கம்மா பூவைக் கீழே வைக்கவில்லை. அடுத்த முள்ளை உருவினாள்.

"ரொம்ப வருஷமா உள்ள இருக்கறவங்களப் பத்தி எழுதப் போயிருந்தேன்," என்றாள் எஸ்லின். "நான் ஒண்ணும் பண்ணலன்னுதான் அங்க எல்லாரும் சொல்வாங்க. அவர் அதச் சொல்லல. 'என் கைக்குக் கட்டுப் போட்ட ஐயா நல்லா இருக்காராம்மா, வயசானவரு'ன்னு கேட்டாரு. யாரு அந்த ஐயான்னு தேடிப் போனேன்."

அந்த ஐயா சவரியப்பன். கம்பெனி முதலுதவி அறையில் முப்பது வருஷம் கட்டுப் போட்டவர். ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரியில் இருக்கிறார். எஸ்லின் போகிற சர்ச்சுக்குத்தான் அவரும் போகிறார். பழைய நோட்டுகளைக் கம்பெனி எடைக்குப் போடப் போனபோது, தன் கையெழுத்து வீணாகப் போகிறதே என்று வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். எஸ்லின் போனைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினாள். நீலக் கோடு போட்ட தாள்.

"கொலை நடந்த அதே தேதிம்மா. ராத்திரி ஏழே முக்கால். சென்னப்பன், இடது உள்ளங்கை, தீக்காயம். அவருக்கு முகம் ஞாபகம் இல்லயாம். ஆனா இது உங்க வீட்டுக்காரர் காயம்னா, அவர் கையில தழும்பு இருக்கணும் இல்லயா?"

ரங்கம்மா கட்டிய பூவையே மறுபடி கட்டினாள்.

"இருக்கும். இருக்கும்மா. வேலைக்குப் போறவங்க கையி. எதுனா இருக்கும்."

"நீங்க பார்த்ததில்லயா?"

பக்கத்தில் முள் உருவிக்கொண்டிருந்த மாதேஸ்வரி, "முப்பது வருஷமா சோறு போட்டவ, கைய உத்துப் பாத்தாளா, தட்டப் பாத்தாளா?" என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். எஸ்லின் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வரேம்மா. கையப் பார்த்துட்டுப் போயிடறேன். தழும்பு இருந்துச்சுன்னா உங்க தம்பிதான் பொய் சொல்றாருன்னு நானே எழுதிடறேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ராத்திரிச் சோறு போடும்போது சென்னப்பனிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு இடது கையை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அந்தக் கை வெளியே வரவேயில்லை. வண்டிச் சாவியை வலது கையில் எடுப்பான், கதவை வலது கையில் திறப்பான். இடது கை லுங்கிக்குள்ளேயோ பாக்கெட்டுக்குள்ளேயோ இருக்கும். காயம் இருக்கிறவன்கூட அப்படி மறைக்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கதுரை வந்தான். கார் லைனுக்குள் நுழையாது என்பதால் முனையில் விட்டுவிட்டு நடந்து வந்தான். கையில் ஒரு ஸ்வீட் பெட்டி.

"பேத்திக்குக் குடுங்கக்கா. பாகலூர்லதான இருக்கா? மருமகன நேத்து கேட்ல பாத்தேன். நல்ல பையன். அவனுக்கும் லிஸ்ட் வருது இந்த வருஷம்."

சென்னப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டான். தங்கதுரை உட்காரவில்லை.

"பேப்பர்காரப் பொண்ணு வந்துச்சாமே. சின்னப் பொண்ணு. ஸ்கூட்டர்ல தனியாத் திரியுது. ஹைவேயில லாரிங்க எப்பிடிப் போவுதுன்னு பாக்கறோம் இல்ல?" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க பெரியவங்க, எடுத்துச் சொல்லி அனுப்பிடுங்க. ஒங்களுக்கும் எடுத்துச் சொல்ல ஆள் வெக்க வேணாம் பாருங்க."

அவன் போன பிறகு அந்தப் பெட்டியை ரங்கம்மா திறக்கவில்லை. எறும்பு ஏறியது, அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்லின் வந்தபோது சென்னப்பன் இடது கையில் மணிக்கட்டுவரை துணி சுற்றியிருந்தான். மேலே கொஞ்சம் மஞ்சளையும் ஈரம் பண்ணிப் பூசியிருந்தான்.

"நேத்து மிஷின்ல மாட்டிக்கிச்சும்மா. பிரிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

எஸ்லின் துணியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு வெகு நேரம் ரங்கம்மாவைப் பார்த்தாள்.

"உங்க தம்பிக்கும் அந்தக் கைதான் இல்லயாம்மா?" என்றாள். "சரி. ஆறட்டும். நான் மறுபடி வரேன். வக்கீல் ராஜசேகர்னு ஒருத்தர், கிருஷ்ணகிரியில, தம்பி கேஸ மறுபடி எடுக்கறதுக்குப் பாக்கறாரு. கோர்ட்டு மூலமா கேட்டா துணியப் பிரிச்சுத்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி நீங்களே வந்தா வேற."

ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போனாள். ஸ்கூட்டர் முனை திரும்பி ஹைவே ஏறுகிற வரைக்கும் ரங்கம்மா காதைக் கொடுத்தபடியே நின்றாள். பின்னால் வேறு வண்டி எதுவும் கிளம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை சென்னப்பனுக்கு மதிய ஷிப்டு. காலை பத்து மணிக்கு அடுப்படியில் இருந்து அவன் குரல் வந்தது.

"ரங்கா. இங்க வா."

போனாள். கதவைச் சாத்தச் சொன்னான். கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் தோசைக்கரண்டி, இரும்புக் கரண்டி, நுனி நிறம் மாறிக் கிடந்தது. துணியைப் பிரித்துவிட்டு இடது கையை மேடைமேல் விரித்து வைத்திருந்தான்.

"நானா வெச்சா கை தானா இழுத்துக்குது. ரெண்டு வாட்டி பாத்துட்டேன். நீ வை."

ரங்கம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"புதுக்காயம் பழைய தழும்பாயிடுமா மாமா?"

"ரெண்டு மாசம் கட்டுப் போட்டுக்கினு இருக்கறேன். ஆறிடும். அந்தப் பொண்ணு என்னா டாக்டரா?"

"கோர்ட்டு கேட்டா?"

"கேக்கறப்ப பாத்துக்கலாம். இப்ப வை. மருமவன நெனச்சிக்க. கொழந்தய நெனச்சிக்க."

அவள் முந்தானையைப் பிடித்துணியாக மடித்துக் கரண்டியை எடுத்தாள். ஆமாம், எடுத்தாள். அந்தக் கை சுத்தமாக இருந்தது. இத்தனை வருஷம் இரும்போடு மாரடித்த கையில் விரல் அடியில் காய்ப்பு உண்டு, நடுவில் ஒரு கீறல் கிடையாது. கரண்டி ஒரு சாண் தூரத்துக்கு வந்தது. சூடு பட்டு அவன் கையில் முடி சுருண்டது. அப்போது அவளுக்கு வந்த பயத்தை அதற்கு முன்னால் அவள் அறிந்ததில்லை. போலீஸ் இல்லை, தங்கதுரை இல்லை. இதைத் தன்னால் செய்துவிட முடியும், இன்னும் ஒரு சாண்தான் என்கிற பயம்.

சென்னப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக்க மூடினான். பல்லைக் கடித்தபடி, "ஆத்தா, மாரியாத்தா," என்றான்.

கரண்டி நின்றுவிட்டது.

"யாரக் கூப்பிடற?" என்றாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"வரவே இல்லன்னு கோர்ட்ல சொன்னியே, அவளயா?"

குடத்துத் தண்ணீரில் கரண்டியைப் போட்டாள். அது சீறி அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் அசையவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"என் தம்பி கை வெந்து வந்து நின்னப்ப, மருந்து வாசன ஆவாதுன்னு வாசல்ல நிக்க வெச்சேன். ஆத்தாளுக்குப் பயந்தேன். அப்பறம் ஒனக்குப் பயந்து அவள இல்லன்னுட்டேன். இனிமே யாருக்கு மாமா பயப்படறது?"

"எங்க போற?"

அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரங்கா, கிருஷ்ணகிரிக்குப் போனன்னா திரும்பி வராத."

"தெரியும்," என்றாள்.

"என்னயப் புடிச்சு உள்ள வெப்பாங்க."

முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். எஸ்லின் எழுதி வைத்த சீட்டை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனைக்கு வந்து தன் போனை எடுத்தாள். சீட்டில் இருந்த எண்ணைப் பெட்டிக்கடைக்காரரிடம் காட்டிப் போட்டுத் தரச் சொல்லி, "நான் வரேன் கண்ணு, பஸ் ஸ்டாண்டுல நில்லு," என்று மட்டும் சொன்னாள்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் இருந்தும் உட்காரவில்லை. நடுவில் இரண்டு பெண்களுக்கு இடையே நெருக்கி உட்கார்ந்தாள். பஸ் ஓசூரைத் தாண்டியதும் போன் அடித்தது. தங்கதுரை. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும். அப்புறம் நின்றுவிட்டது. கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடியைப் பார்த்தாள். சூளகிரி தாண்டி ஒரு பைக் பின்னாலேயே வந்தது. பஸ் நின்றால் அதுவும் நின்றது. ரங்கம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பெண்ணின் தோளில் தூங்குகிறவள் மாதிரி சாய்ந்துகொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் பைக்கில் வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கிய தன் வீட்டுப் பொம்மனாட்டியை ஏற்றிக்கொண்டு போனான். தோளைக் கொடுத்த பெண், "இந்த வெயில்ல முக்காடா, காச்சலா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த எஸ்லின் மாடியில் இருந்த வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். வக்கீல் ராஜசேகர் நடுவயது ஆள். மேசையில் தாளை வைத்துக்கொண்டு உடனே எழுத ஆரம்பிக்கவில்லை.

"அம்மா, முதல்லயே சொல்லிடறேன். இத நீங்க சொன்னா, பொய் சாட்சி சொன்னாருன்னு உங்க வீட்டுக்காரர் மேல கேஸ் வரலாம். இத்தன வருஷம் ஏன் சொல்லலன்னு உங்களயும் கேப்பாங்க. தம்பி நாளைக்கே வெளிய வந்துடுவாருன்னும் நான் சொல்லமாட்டேன். யோசிச்சுக்குங்க."

"வீட்டுக்காரருக்கு எத்தன வருசம் போடுவாங்க?"

"அது ஜட்ஜு கையில இருக்கும்மா."

ரங்கம்மா தண்ணீர் கேட்டாள். எஸ்லின் கொடுத்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கீழே ரோட்டில் வண்டிகள் வந்து நின்றுகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் தலை கதவுப் பக்கம் திரும்பியது. எஸ்லின் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"எழுதிக்குங்க," என்றாள் ரங்கம்மா. "எங்க வீட்டுக்கு ஆத்தா வந்திருந்தா. பதினோரு நாளு இருந்தா."

சொல்லி முடிக்க மூன்று மணி ஆயிற்று. தேதி அவளுக்குத் தெரியாது. வேப்பிலை செருகிய கிழமையும் முதல் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் ஊற்றிய கிழமையும் தெரியும். ராஜசேகர் பழைய காலண்டர் வைத்துச் சரிபார்த்தார். நோட்டில் இருந்த நாள் பத்தாம் நாளோடு பொருந்தியது. பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவள், நான்கு தாளில் நான்கு தடவை எழுதினாள்.

சாயங்காலம் அவள் லைனுக்குத் திரும்பினபோது வீட்டில் புதுப் பூட்டு தொங்கியது. இரண்டு மூட்டையும் ஒரு ட்ரங்குப் பெட்டியும் வெளியே இருந்தன. எதிர் வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. தங்கதுரை சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"பெயின்ட் அடிக்கணும்க்கா. மாமா பாகலூருக்குப் போயிட்டாரு." பிறகு கிட்டே வந்தான். "நீ எங்க போவ?"

"இருக்கறாங்க," என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. ட்ரங்குப் பெட்டியை விட்டுவிட்டு ஒரு மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் நடக்க அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் அஞ்செட்டியில், தம்பி பெண்டாட்டி ஜோதிமணியின் தாய் வீட்டு வாசலில் நின்றாள். புருஷனை உள்ளே அனுப்பிய குடும்பம் என்று ஒன்பது வருஷமாக இவளோடு பேசாதவள் ஜோதிமணி. எஸ்லின் அவளுக்கு முன்பே போன் பண்ணியிருந்தாள். ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, மூட்டையையும் ரங்கம்மாவையும் பார்த்தாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"உள்ள வாங்க அண்ணி. வாசல்ல நிக்காதீங்க, பஸ்ஸுல போறவங்க பாக்கறாங்க," என்றாள்.

இரண்டு மாசம் ஆகிவிட்டது. எஸ்லின் எழுதியது வந்துவிட்டது. ஐகோர்ட்டில் மனுப் போட்டாகிவிட்டது. நோட்டைக் கொண்டுவரச் சொல்லியும், சென்னப்பன் கையை டாக்டர் பார்க்க வேண்டும் என்றும் உத்தரவு வந்திருக்கிறது. சென்னப்பன் பாகலூரிலிருந்து வேலைக்குப் போய்வருகிறான், கையில் இன்னும் துணி சுற்றிக்கொண்டு. மகள் போனை எடுப்பதில்லை. எஸ்லின் இப்போது ஸ்கூட்டரில் தனியாகப் போவதில்லை.

போன வாரம் ரங்கம்மா சேலம் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கங்கப்பன் வந்து நின்றான். தலை பாதி நரைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள், வாசலில் நிற்க வைத்ததிலிருந்து கரண்டியை எடுத்தது வரைக்கும், தான் அதை ஒரு சாண் தூரம் கொண்டுபோனதையும் விடாமல் சொன்னாள். சொல்லும்போது அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

அவன் வலையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமன் எப்பிடி இருக்காரு?" என்றான்.

"வேலைக்குப் போறாரு."

"சாப்பாடு?"

"மவ வீட்டுல."

நேரம் ஆகிவிட்டது என்று காவலர் சொன்னார். கங்கப்பன் வலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தான்.

"அக்கா, நீ இப்ப எங்க படுக்கற?"

"ஜோதிமணி கூடத்தான். அஞ்செட்டியில."

"அந்தப் பக்கம் பஸ்ஸு கம்மி. பொழுதோட போயிடு. முன்சீட்டுல, டிரைவருக்குப் பின்னால உக்காரு. எங்க எறங்கறன்னு எவன் கேட்டாலும் சொல்லாத. வீட்டுக்கு வெளிய தனியாப் படுக்காத."

"நீ உள்ள பாத்துக்கடா."

"எனக்கென்ன இங்க," என்றான். "என்னயச் சுத்தி செவுரு இருக்குது. ஒனக்குத்தான் ஒண்ணுமில்ல. சீக்கிரம் கெளம்பு."

அவள் வெளியே வந்து, தருமபுரி பஸ் எங்கே நிற்கும் என்று பூக்காரியிடம் கேட்டாள். அவன் சொன்னபடியே டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனாள்.